கடப்பாக்கத்து நாற்பது தோல்கள்

கூடுவாஞ்சேரி,
3-9-1974.

ஜனாப் ஷேக் தாவூத் அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. கால்நடை மருத்துவம் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஆடு மாடுகளின் தோல் நலத்துக்கென்று ஆங்கிலத்தில் ஓர் ஆய்விதழை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியிடுகிறேன். பதினோராம் ஆண்டு நடக்கிறது. அலுவலகம் என்று தனியாக இல்லை, என் வீட்டு முன்னறைதான்.

சம்பத் என்ற இளம் கால்நடை டாக்டர் ஒரு கட்டுரை அனுப்பியிருக்கிறார். செங்கல்பட்டுத் தோல் மண்டியில் நீங்கள் தரம் பிரித்த வெள்ளாட்டுத் தோல்களில் நாற்பதை எடுத்து, அவற்றில் கண்ட நோயைப் பற்றி எழுதியிருக்கிறார். நாற்பதும் கடப்பாக்கத்து ஆடுகள் என்றும், எது எந்த மாதம் வந்தது, எந்த வீட்டு ஆடு என்பதை நீங்கள் ஏடு எதையும் பார்க்காமல் சொன்னீர்கள் என்றும் குறிப்பிட்டிருக்கிறார்.

கட்டுரையைப் படித்துப் பார்த்த எங்கள் மதிப்பீட்டாளர் ஒருவர், “ஒரே மனிதரின் ஞாபகத்தை எப்படி நம்புவது?” என்று கேட்கிறார். பட்டியலை இணைத்திருக்கிறேன். யாரையாவது படிக்கச் சொல்லிக் கேட்டு, எதிலாவது சந்தேகம் இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றாலும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
லோகநாயகி,
ஆசிரியர்.

*

கடப்பாக்கம்,
11-9-1974.

டாக்டரம்மாவுக்கு ஸலாம்.

எனக்கு எழுத்து தெரியாது. இங்கே தபாலாபீஸ் பார்க்கும் ஜெசிந்தாம்மா எழுதுகிறார். நான் சொல்வது ஒரு மாதிரி, அவர் எழுதுவது ஒரு மாதிரி. படித்துக் காட்டினால் என்னைவிடப் படித்தவன் ஒருவன் பேசுவதுபோல இருக்கிறது. இருக்கட்டும்.

பட்டியலைக் கேட்டேன். நாற்பதும் சரி. ஏழாவது, தை மாதம் இரண்டாவது வியாழக்கிழமை வந்தது. உப்பு சரியாகப் பிடிக்காமல் வால் பக்கம் முடி கழன்றிருந்தது. அப்பாசாமி வீட்டுக் கிடாய். அதை உயிரோடும் பார்த்திருக்கிறேன். ஆலம்பரைக் கோட்டைச் சுவரில் ஏறிவிடும், இறங்கத் தெரியாமல் நின்று கத்தும். பத்தொன்பதாவது பஷீருதீன் வீட்டுப் பெட்டை. கழுத்தில் முள்கம்பி கிழித்த கோடு, நாலு விரல் நீளம். இன்னும் சொல்லவா?

சந்தேகப்படுகிறவர் யார் என்று எழுதவில்லையே. அந்தக் காலத்தில் படகு வழக்கு ஒன்றில் செங்கல்பட்டுக் கோர்ட்டில் நான் சாட்சி சொன்னேன். அங்கேயும் வக்கீல் என்னைக் குடைந்தார். ஆனால் அவர் எதிரில் நின்று குடைந்தார். பெயர் தெரியாத ஆளுக்கு எந்தப் பக்கம் பார்த்துப் பதில் சொல்வது?

இன்னொன்று. நோய் என்று ஒரு வார்த்தை வந்ததாம். ஜெசிந்தாம்மா இரண்டு தரம் படித்தார். அந்தத் தோல்களில் ஏது நோய்? நாற்பதும் முதல் தரம், இரண்டாம் தரம். நோய்த் தோலை நான் தனியாகத் தூக்கிப் போட்டுவிடுவேன். வேறு யாருடைய தோலையோ என் கணக்கில் சேர்த்துவிட்டார்களா? எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஷேக் தாவூத் (கைநாட்டு)

*

கூடுவாஞ்சேரி,
19-9-1974.

ஜனாப் ஷேக் தாவூத் அவர்களுக்கு,

பதிலுக்கு நன்றி. மதிப்பீட்டாளர் பெயரைச் சொல்ல முடியாது. எங்கள் முறை அப்படி. ஒரு கட்டுரை வந்தால் அந்தத் துறையில் தேர்ந்த இருவருக்கு அனுப்புவோம். அவர்கள் யார் என்பது எழுதியவருக்குத் தெரியாது. தெரிந்தால் நட்பும் பகையும் குறுக்கே வரும். உங்கள்மேல் யாருக்கும் விரோதம் இல்லை.

நோயைப் பற்றிக் கேட்டீர்கள். பின்தொடையின் உட்புறத்தில் முடி முளைக்காத வட்டத் தழும்பு. நடுவில் கறுப்பு, ஓரம் தடிப்பு. சம்பத் இதை மூன்று நிலைகளாகப் பிரித்திருக்கிறார். ஒரு வட்டம் இருந்தால் முதல் நிலை. இரண்டு இருந்தால் இரண்டாம் நிலை. மூன்று இருந்தால் முற்றிய நிலை. ஒரு வீட்டு ஆடுகள் எல்லாம் ஒரே நிலையில் இருப்பதுதான் புதிராக இருக்கிறது. வீட்டுக்கு வீடு தொற்றும் காளானாக இருக்கலாம் என்று எழுதியிருக்கிறார். இதுவரை யாரும் பதிவு செய்யாத நோய். அதனால்தான் வீடுகளின் பெயர் சரியாக இருக்க வேண்டும்.

லோகநாயகி.

*

கடப்பாக்கம்,
28-9-1974.

டாக்டரம்மாவுக்கு,

கடிதத்தைப் படித்தபோது தபாலாபீசில் அப்பாசாமியும் இருந்தான். முற்றிய நிலை என்று ஜெசிந்தாம்மா படித்ததும், “டேய், பஷீருதீன் வூட்டுக்கு முத்திப்போச்சாம்டா!” என்று விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

அம்மா, அது நோய் இல்லை. குறி. இந்த ஊரில் எல்லா வீட்டு ஆடும் கோட்டை இடிபாட்டிலும் மணலிலும் ஒன்றாக மேயும். எது யாருடையது என்று தெரிய வேண்டாமா? மற்ற ஊரில் காதில் வெட்டுப் போடுவார்கள். காது அறுந்த ஆடு குர்பானிப் பலிக்கு ஆகாது. இங்கே வளரும் ஆடு முக்கால்வாசி பக்ரீத்துக்குப் போவது. அப்பாசாமி இந்து, ஆனாலும் விற்பது எங்கள் ஆட்களுக்குத்தானே, அவனும் காதைத் தொட மாட்டான். சாயம் பூசினால் உப்புத் தண்ணீரில் போய்விடும். அதனால் சேராங்கொட்டையை ஊசியால் குத்திப் பாலை எடுத்து, மூங்கில் குழாயின் வாயில் தொட்டு, குட்டி பால் மறந்ததும் தொடை உள்பக்கத்தில் ஒரு அழுத்து. சலவைக்காரர் துணியில் குறி போடும் அதே கொட்டைதான். வெந்து கொப்புளம் கட்டி ஆறும். அப்புறம் சாகிற வரைக்கும் அழியாது.

வலத் தொடையில் ஒற்றை வட்டம் சைதூன் வீடு. இடத் தொடையில் ஒற்றை வட்டம் என் வீடு. இரண்டு வட்டம் அப்பாசாமி. மூன்று வட்டம் பஷீருதீன். மற்ற வீடுகளுக்கு வட்டம் மேலும் கீழும் தள்ளி விழும். நான் வீட்டைச் சொன்னதே அதைப் பார்த்துத்தான். மாதம்தான் ஞாபகம்.

சம்பத்திடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அவர் ஊரைக் கேட்டார், சொன்னேன். மாதத்தைக் கேட்டார், சொன்னேன். வீட்டைக் கேட்டார், சொன்னேன். வட்டத்தை அவர் கேட்கவே இல்லை. படித்த பிள்ளை கையில் பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு அதையே பார்க்கிறது, அதற்குத் தெரியாமலா இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது சிரிப்பு ஏன் நின்றது என்றால், செங்கல்பட்டுச் சந்தையில் எங்கள் ஆட்டை உள்ளே விடுவதில்லை. ஆவணியிலிருந்து அப்படித்தான். சந்தைக் குத்தகைக்காரர் அருணகிரி வாசலில் பலகை வைத்துவிட்டார். ஏன் என்று கேட்டால், “உங்கூர் ஆட்டுக்கு வட்ட நோவு கீதாம் பாய். டாக்டர் ஒருத்தர் கூட்டத்துல பேசினாராம்” என்றார். ஏதோ வேறு ஊரை மாற்றிச் சொல்கிறார்கள் என்று இருந்தோம். நோய் ஆடு குர்பானிக்கு ஆகாது. பக்ரீத்துக்கு மூன்று மாதம்கூட இல்லை. இந்த ஊரில் அறுபது வீடு அந்த ஒரு நாளை நம்பி வருடம் முழுக்க ஆடு வளர்க்கிறது. அந்தப் பலகைக்குக் காரணம் என் வாய் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

என்ன செய்யட்டும்?

ஷேக் தாவூத் (கைநாட்டு)

*

கூடுவாஞ்சேரி,
7-10-1974.

ஜனாப் ஷேக் தாவூத் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். செங்கல்பட்டில் எங்கள் அச்சகத்தில் சுப்பிரமணி அந்தக் கட்டுரையைக் கோத்து முடித்துவிட்டார். இருபத்திரண்டு பக்கம். முன்பக்கத்தில் வட்டத்தின் பெரிய படம். ஓடிப்போய் நிறுத்தச் சொன்னேன். அவர், “அம்மா, எழுத்தையெல்லாம் கலைச்சிடவா, அப்படியே வெச்சிகினு இருக்கவா?” என்று கேட்டார்.

இரண்டு மதிப்பீட்டாளர்களும் தேர்ந்தவர்கள். ஆனால் இருவரும் கடப்பாக்கத்தைப் பார்த்ததில்லை. நாற்பது மைலில் இருக்கிற நானும் பார்த்ததில்லை. ஆடு தெரியும், தோல் தெரியும். குர்பானிக்குக் காது முழுதாக இருக்க வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னீர்கள் என்பதற்காக நான் அச்சிட முடியாது. சம்பத் சொன்னார் என்பதற்காக அச்சிடப் போய்த்தான் இவ்வளவும். சோதித்துப் பார்க்க வேண்டும். 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். குறி போடாத குட்டி ஒன்றும், சேராங்கொட்டையும், அந்த மூங்கில் குழாயும் தயாராக இருக்கட்டும்.

லோகநாயகி.

*

கடப்பாக்கம்,
24-10-1974.

டாக்டரம்மாவுக்கு,

கை எப்படி இருக்கிறது? அன்றைக்குச் சைதூன் குட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தபோதே சொன்னேன், ஆட்டுக்குப் போட்டால் போதும் என்று. நீங்கள் கேட்காமல் அதே குழாயை உங்கள் முழங்கையில் அழுத்திக்கொண்டீர்கள். என் மனைவி பதருன்னிசா இன்னும் அதையே பேசுகிறாள். “படிச்சவங்களுக்குப் பயமே கெடையாதா? சூடு பட்டாத்தான் நம்புவாங்களா?” என்கிறாள். கொப்புளம் உடைந்தால் தேங்காயெண்ணெய் மட்டும் தடவுங்கள். சொறியாதீர்கள்.

நீங்கள் போன மறுநாள் சம்பத் தம்பி வந்தார். மோட்டார் சைக்கிளைக் கோட்டைப் பக்கமே நிறுத்திவிட்டு நடந்து வந்தார். வந்தவர் ஆட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “பாய், அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” என்றார்.

“நீ கேக்கலையே தம்பி.”

“கேக்கணும்னு எனக்குத் தெரியாதே பாய்.”

அவர் வேலை அந்தக் கட்டுரையை நம்பி இருக்கிறதாம். பதருன்னிசா சோறு போட்டாள். பாதி தின்றார். அவர்மேல் எனக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. என்மேல் வருவதா என்றும் தெரியவில்லை.

மறுநாள் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறி அருணகிரியிடம் போனேன். நோய் இல்லை, குறி, டாக்டரம்மாவே வந்து பார்த்தார் என்று சொன்னேன். அவர் கேட்கிறார்: “நோவுன்னு சொன்னதும் டாக்டரு. நோவு இல்லன்னு சொல்றதும் டாக்டரு. நான் யாரை நம்பறது? அவங்க புஸ்தகத்துல அச்சாவட்டும் பாய். அச்சுல பாத்தா அந்த நிமிசமே பலகைய எடுத்துடறேன்.”

ஆக, உங்கள் புத்தகம் பக்ரீத்துக்கு முன்னால் வர வேண்டும். வருமா?

ஷேக் தாவூத் (கைநாட்டு)

*

கூடுவாஞ்சேரி,
20-11-1974.

ஜனாப் ஷேக் தாவூத் அவர்களுக்கு,

போன வாரம் வந்து குட்டியைப் பார்த்தேன் அல்லவா? தழும்பு சம்பத்தின் படத்தில் இருப்பதேதான். என் கையில் இருப்பதும் அதேதான். சம்பத் தன் கட்டுரையைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டு, இது குறியே என்று புதிதாக நான்கு பக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறார். கேட்காமலே செய்தார். வேலை என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

நான்கு பக்கத்தையும் மதிப்பீட்டாளர்களுக்கு அனுப்பினேன். ஒருவர் ஒப்புக்கொண்டார். மற்றவர், முதலில் உங்கள் ஞாபகத்தைச் சந்தேகித்தவர், இன்னும் ஒப்பவில்லை. அவர் எழுதுகிறார்: “சேராங்கொட்டை இப்படித் தழும்பு உண்டாக்கும் என்பது தெரிகிறது. அந்த நாற்பது தழும்பும் சேராங்கொட்டையால் வந்தவை என்பது தெரியவில்லை. முன்பும் அந்தக் கிழவர் சொன்னார், இப்போதும் அந்தக் கிழவர்தான் சொல்கிறார். ஆட்டுக்காரர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியே தங்கள் ஆடு என்று சொல்ல வேண்டும்.”

கிழவர் என்றது அவர் வார்த்தை. மன்னியுங்கள்.

அவரைத் தாண்டி அச்சிட எனக்கு அதிகாரம் உண்டு. பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட அப்படிச் செய்ததில்லை. செய்தால், நாளைக்கு யாராவது பொய்யை எடுத்துக்கொண்டு வந்து என் வாசலில் அழுதாலும் அச்சிட வேண்டியிருக்கும். அறுபது வீட்டை நினைத்தால் இதையெல்லாம் தூக்கி எறியலாம் என்றும் தோன்றுகிறது. இரண்டு நாளாக இதே யோசனை.

ஆகவே கேட்கிறேன். பட்டியலை வீடு வீடாக எடுத்துப் போங்கள். ஜெசிந்தா கூட வரட்டும். வீட்டுக்காரர் சொல்வதை அவர் எழுதட்டும், நீங்கள் குறுக்கே பேச வேண்டாம். டிசம்பர் 5க்குள் எனக்குக் கிடைத்தால் இதழை நிறுத்திவைத்து அதையும் சேர்த்து, பக்ரீத்துக்கு முன் வெளியிட முடியும். அந்த மதிப்பீட்டாளர் என்ன சொல்வார் என்று மட்டும் என்னால் உறுதி கூற இயலாது.

லோகநாயகி.

*

கடப்பாக்கம்,
2-12-1974.

டாக்டரம்மாவுக்கு,

கிழவர் என்று சொன்னதில் தப்பில்லை. எழுபத்திரண்டு ஆகிறது.

ஊருக்குள் போய், என் பேச்சு உண்மையா என்று என் முன்னாலேயே நாலு பேரைக் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. மண்டியில் முப்பத்தெட்டு வருடம் ஒருவனும் என் தோலைத் திருப்பிப் பார்த்ததில்லை. ஆனாலும் போனோம். மழை பெய்துகொண்டிருந்தது. ஜெசிந்தாம்மா தபால் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார்.

அப்பாசாமிக்குப் பதினோரு தோல். எண்ணி எண்ணிச் சொன்னான், சரியாக இருந்தது. கூடவே, “நான் சரியா சொல்லிகினு வர்றேனா மச்சான்?” என்று என்னையே கேட்டான். நான் வாயைத் திறக்கவில்லை. பஷீருதீன் வீட்டில் ஒன்பது, சரி. மற்ற வீடுகளும் சரி. கடைசியாகச் சைதூன் வீடு. அவள் கணவன் போன பிறகு ஆட்டை வைத்தே பிழைப்பவள். அவளுக்கு ஏழு என்று பட்டியலில் இருக்கிறது. ஜெசிந்தாம்மா ஒவ்வொன்றாகப் படித்தார். முப்பத்திரண்டாவது, மாசி மாதம், பெரிய கிடாய்.

“மாசிலயா? மாசில நான் எங்க கெடா குடுத்தேன்? அது பதருன்னிசாக்கா…” என்றவள் கையால் வாயை மூடிக்கொண்டாள்.

“இன்னா பதருன்னிசாக்கா?” என்றேன். நான்தான் பேசக் கூடாது என்று இருந்தது. பேசிவிட்டேன்.

அவள் சொல்ல மாட்டேன் என்றாள், அழுதாள், பிறகு சொன்னாள். போன வருடம் எனக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்து, ஐப்பசியில் செங்கல்பட்டில் ஆபரேஷன் செய்தார்கள். அதற்கு முன் எட்டு மாதம் நான் மண்டிக்கே போகவில்லை. அந்தச் சமயத்தில் பதருன்னிசா, எனக்குப் பார்வை வந்தால் கோவளம் தர்காவுக்கு ஒரு கிடாய் என்று நேர்ந்துகொண்டாளாம். எனக்கு நேர்ச்சை பிடிக்காது. அல்லாவிடம் நேராகக் கேட்டால் போதும் என்று சண்டை போடுவேன். அதனால் தங்கை கொடுத்த குட்டியைச் சைதூன் வீட்டில் விட்டு வளர்த்திருக்கிறாள். சைதூன் குறியைப் போடச் சொல்லி வலத் தொடையில் போட்டிருக்கிறார்கள். கண் தெளிந்து நான் திரும்ப மண்டிக்குப் போன பிறகு, மாசியில், சைதூன் தம்பி முனீர் அதைத் தர்காவுக்குக் கொண்டுபோயிருக்கிறான். தோல் வழக்கம்போல மண்டிக்கு வந்துவிட்டது.

அந்தத் தோல் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது அம்மா. புதுக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெயிலில் விரித்துப் பார்த்தேன். சைதூன் வீட்டு ஆடு, நல்ல தீனி, என்று சத்தமாகச் சொன்னேன்.

வீட்டுக்குப் போய், “இன்னா இது?” என்றேன்.

“இன்னா, இன்னா இது? உங்களாண்ட சொல்லிட்டு செஞ்சா வுட்டிருப்பீங்களா?”

“நம்ம குறியப் போட வேண்டியதுதானே?”

“போட்டா மண்டியில கண்டுபுடிச்சிட மாட்டீங்க? கண்ணு நல்லா தெரியணும்னுதான் நேர்ந்துகினேன். நல்லா தெரிஞ்சா அந்தக் கண்ணே என்னைக் காட்டிக் குடுத்துடும். நான் இன்னாதான் பண்றது, சொல்லுங்க!”

மூன்று நாள் அவளோடு பேசவில்லை. பேசாமல் இருந்தேனே தவிர, கோபமா என்று கேட்டால் தெரியாது. அவள் வைத்த சோற்றைத் தின்றேன்.

இதற்குள் ஊரே தபாலாபீசில் கூடிவிட்டது. ஜெசிந்தாம்மா, “எழுத வேணாம் பாய். நாப்பதும் சரின்னு போட்டுடலாம். யாருக்குத் தெரியப்போவுது?” என்றார். அப்பாசாமி, “ஒரு தோலுக்காக ஊர் ஆட்டையெல்லாம் வாசல்ல நிக்க வெச்சிடாத மச்சான். அந்த ஆளே உன்னை நம்பல. இதைச் சொன்னா, பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்னு சொல்வான்” என்றான். சைதூனும், “அது என் ஆடுன்னே சொல்லிடறேன், வுடுங்க” என்றாள். அவன் சொல்வது நியாயம். அவள் சொல்வது நல்ல மனசு. நானும் அப்படியே விட்டுவிடலாம் என்றுதான் இரண்டு நாள் இருந்தேன்.

ஆனால் சைதூன் இல்லை என்று சொன்னது என் காதில் விழுந்துவிட்டது. உங்கள் தாளில் அவள் வீடு என்று நான் சொன்னது இருக்கிறது. தெரியாமல் இருந்தபோது இருந்தது வேறு. இப்போது அதை அங்கேயே விட்டுவைத்தால், முதல் தடவை வட்டத்தைப் பற்றி வாயைத் திறக்காமல் இருந்தது போலத்தான் ஆகும். அதற்கே இந்தப் பலகை. ஆகவே எழுதச் சொல்கிறேன்: முப்பத்தொன்பது சரி. முப்பத்திரண்டாவது தப்பு. அது என் வீட்டு ஆடு. குறி சைதூன் குறி.

இதனால் ஆடுகள் உள்ளே போகாமல் நின்றால் இந்த ஊரில் நான் எப்படி நடப்பேன் என்று தெரியவில்லை.

ஷேக் தாவூத் (கைநாட்டு)

அம்மா, இதை எழுதியது நான், ஜெசிந்தா. இரண்டு முறை, முப்பத்திரண்டாவது தோலை எழுதாமல் விட்டுப் படித்துக் காட்டினேன். இரண்டு முறையும் கண்டுபிடித்துவிட்டார்.

*

கூடுவாஞ்சேரி,
13-12-1974.

ஜனாப் ஷேக் தாவூத் அவர்களுக்கு,

அவசரத்தில் எழுதுகிறேன். உங்கள் கடிதத்தை ஆங்கிலத்தில் மாற்றி, எதையும் விடாமல் அந்த மதிப்பீட்டாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்பினேன். அனுப்பும்போது அப்பாசாமி சொன்னதையேதான் நானும் நினைத்தேன்.

நேற்று தந்தி வந்தது. அச்சிடலாம் என்கிறார். இன்று காலை கடிதமும் வந்தது. “எனக்குத் தேவைப்பட்டது அந்த முப்பத்திரண்டாவது தோல்தான். இடத் தொடையில் வர வேண்டிய வட்டம், ஒரு பெண்மணி நினைத்ததால், வலத் தொடையில் வந்திருக்கிறது. எந்த நோயும் சொன்னபடி கேட்டு இடம் மாறாது. மனிதர் இடுவதுதான் மாறும். நாற்பதும் சரி என்று வந்திருந்தால் மறுபடியும் மறுத்திருப்பேன்.”

சுப்பிரமணி இரண்டு நாளாக அச்சகத்திலேயே படுத்து எழுத்துக் கோக்கிறார். முப்பத்திரண்டாவது தோலின் கதை தனிப் பத்தியாக வருகிறது. பதினெட்டாம் தேதி முதல் பிரதி அருணகிரி கைக்குப் போய்ச் சேரும். நானே கொண்டுபோகிறேன்.

லோகநாயகி.

*

கடப்பாக்கம்,
28-12-1974.

டாக்டரம்மாவுக்கு,

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் எழுதச் சொல்கிறேன். ஆடெல்லாம் போய்விட்டன. கோட்டைப் பக்கம் குட்டிகள்தான் நிற்கின்றன.

பதினெட்டாம் தேதி நீங்கள் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு அச்சகத்துக்குப் போய்விட்டீர்கள். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியாது. அருணகிரிக்கு இங்கிலீஷ் தெரியாது. பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரைக் கூட்டிவந்து, சந்தை வாசலிலேயே பெஞ்சு போட்டு, படித்து அர்த்தம் சொல்லச் சொன்னார். எங்கள் ஆடு நூற்று எண்பதும் வெளியே ரோட்டில் நிற்கின்றன. லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். முதல் பக்கம் படித்தார், அருணகிரி அசையவில்லை. சேராங்கொட்டை, கொப்புளம் எல்லாம் வந்தது, “ம், ம்” என்று கேட்டுக்கொண்டார். முப்பத்திரண்டாவது தோல் வந்தது. வாத்தியார் அர்த்தம் சொன்னதும் அருணகிரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

“இன்னா பாய், வூட்டுல உன்னை ஏமாத்தினதெல்லாம் புஸ்தகத்துல போட்டுட்டாங்களே!”

“ஆமா.”

“நீயா சொன்னே?”

“நானேதான்.”

அவர் சிரித்துக்கொண்டே எழுந்துபோய்ப் பலகையைக் கழற்றினார். “பொய் சொல்றவன் இதைச் சொல்வானா? வுடுங்கடா உள்ளே” என்றார்.

சந்தையில் இருந்தவன் எல்லாம் சிரித்தான். சைதூன் கிடாய் முதலில் போனது. எனக்குச் சிரிப்பதா, தலை குனிவதா என்று தெரியாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தேன். முப்பத்தொன்பது சரியாகச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை. ஒன்று தப்பு என்றதும் உங்கள் ஆளும் நம்புகிறார், இவரும் நம்புகிறார். இது என்ன நடைமுறை என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. அன்றைக்கு எங்களோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த சம்பத் தம்பியிடம் கேட்டேன். அவர், “எனக்கே இப்பத்தான் புரிய ஆரம்பிக்குது பாய்” என்றார்.

இப்போது வேறு ஒரு வம்பு. நீங்கள் கொடுத்த பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பெருநாளன்று ஜெசிந்தாம்மா அதை விரல் வைத்துக் காட்டினார். என் பெயர் இருக்கிறது, சைதூன் பெயர், அப்பாசாமி பெயர், முனீர் பெயர்கூட இருக்கிறது. முப்பத்திரண்டாவது தோலில், ‘வீட்டுப் பெண்மணி ஒருவர்’ என்றுதான் இருக்கிறதாம். பதருன்னிசா இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். மானம் போகக் கூடாது என்று அம்மா மறைத்திருப்பார் என்று நான் சொன்னேன். அவள் முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள்.

“ஆடு என் ஆடு. நேர்ந்தது நான். உங்க கண்ணுல மண்ணைத் தூவினதும் நான். அதுலதான் ஊர் ஆடே உள்ள போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. என் பேரு மட்டும் எங்க?”

மூன்று நாளாக இப்போது அவள் என்னோடு பேசவில்லை. நான் என்ன சொல்லியும் ஆகவில்லை. பதில் எழுதினால் என் பெயருக்கு எழுத வேண்டாம். பதருன்னிசா, கடப்பாக்கம் என்று போட்டு அவளுக்கே எழுதுங்கள்.

ஷேக் தாவூத் (கைநாட்டு)